ஆடுகளமும் அகநலமும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றை எல்லையாகக் கொண்டு விளங்குவது பண்டார் பாரு மாவட்டம். ரப்பரும் செம்பனையும் செழித்த இத்தகைய மண்ணில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டைத் தனியே கற்பிக்கும் தேவை முன்பு இருந்ததில்லை. லயத்து வாசலே அவர்தம் ஆடுகளம். சடுகுடுவும் கிட்டிப்புள்ளும் பாண்டியும் மாலைப் பொழுதை நிரப்பின. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபின் அந்த வாசல் சுருங்கிற்று. கைப்பேசி அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. அன்று தோட்டம் தானே தந்ததை இன்று பள்ளி திட்டமிட்டுத் தரவேண்டியதாயிற்று.

இது வெறும் உடல்நலத்தைப் பற்றிய செய்தி அன்று. மலேசியச் சுகாதார அமைச்சு இடைநிலைப் பள்ளி மாணவரிடையே 2017-இல் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. 2022-ஆம் ஆண்டு ஆய்வில் நால்வரில் ஒருவர் எனத் தெரியவந்தது. இவ்விரு ஆய்வுகளின் அளவுகோல்கள் வேறாதலின் எண்களை நேருக்குநேர் ஒப்பிடலாகாது. எனினும், துயர் சிறிதன்று என்பது தெளிவு. தமிழ்ப்பள்ளி மாணவரோ ஆறாம் ஆண்டு முடிந்ததும் பயிற்றுமொழி மாறி, புதிய பள்ளியையும் புதிய தோழரையும் ஒருங்கே எதிர்கொள்கின்றனர். அம்மாற்றத்தைத் தாங்கும் உள்ளவுறுதியைத் தொடக்கப் பள்ளியிலேயே ஊட்டுதல் நன்று.

உடலுக்கும் உள்ளத்திற்கும் உள்ள தொடர்பு யாது? அச்சம் வருங்கால் நெஞ்சு படபடக்கும்; மூச்சு இரைக்கும்; வியர்வை அரும்பும். ஓடும்போதும் இவையே நிகழ்கின்றன. நாள்தோறும் ஓடியாடும் பிள்ளை, படபடப்பு எழுந்து தானே அடங்குவதை உடம்பாலேயே உணர்ந்துகொள்கிறது. பின்னர்த் தேர்வு மண்டபத்தில் நெஞ்சு துடித்தாலும் அது கலங்கிப்போவதில்லை. மேலும், உடலுழைப்பு நல்லுறக்கம் தருகிறது. உறக்கம் கெட்டால் உள்ளமும் கெடும் என்பது யாவரும் அறிந்ததே. கூடியாடுதலால் தோழமையும் வாய்க்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்கவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தமைக்கு இந்நலன்களும் காரணமாகும்.

ஆயினும், எல்லா விளையாட்டும் எல்லார்க்கும் நலம் பயக்கும் எனக் கொள்ளலாகாது. இரு தலைவர்கள் அணி பிரிக்கும்போது இறுதிவரை அழைக்கப்படாமல் நிற்கும் பிள்ளை அங்குக் கற்பது விளையாட்டையன்று, சிறுமையையே. இதற்கு மாற்று நம் பள்ளிகளிலேயே உண்டு. ‘சுக்கான்தாரா’ எனும் போட்டி முறையில் மாணவர் பிறரை வெல்ல வேண்டியதில்லை. வயதுக்கேற்ப வகுத்த அளவை எட்டினாலே தம் இல்லத்திற்குப் புள்ளி சேர்ப்பர். மெலிந்த பிள்ளையின் ஒரு புள்ளியும் கணக்கில் ஏறுகிறது. மாணவர் குறைந்த சிறு பள்ளிக்கு இம்முறை மிகப் பொருந்தும். பதினொருவர் அணி திரட்ட இயலாத பள்ளியில் ஒருவரையும் ஒதுக்காமல் ஆடவைத்தல் எளிதன்றோ?

ஆசிரியர் தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்திற்கு எடுத்துக்கொள்ளுதல். ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்ட பின்னும் இப்பழக்கம் நீடிக்குமாயின், அதற்குச் சொல்லத்தக்க காரணம் இல்லை. மற்றொன்று, திடலைச் சுற்றி ஓடவிடுவதைத் தண்டனையாக்குதல். தண்டனையாய் வந்த ஓட்டத்தைப் பிள்ளை பின்னர் எங்ஙனம் விரும்பும்?

விளையாட்டு மருத்துவத்திற்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது. நேற்றுவரை ஆர்வத்தோடு ஆடிய பிள்ளை வாரக்கணக்கில் ஓரமாய் ஒதுங்கி நிற்குமாயின், அதைச் சோம்பல் எனக் கடிந்துகொள்ளாமல், அருகழைத்துப் பரிவுடன் வினவுதல் வேண்டும். பெற்றோருடன் கலந்து, ஆலோசக ஆசிரியரிடமோ அரசினர் சுகாதார நிலையத்திடமோ அனுப்புதல் வேண்டும். வகுப்பறையில் நாற்காலி மறைத்துவிடும் வாட்டத்தைத் திடல் காட்டிக்கொடுக்கும். அதைக் காணும் கண் ஆசிரியர்க்கு வேண்டும்.

பாரதியார் பாப்பாவின் நாளை வகுத்தபோது படிப்போடு விளையாட்டுக்கும் இடம் வைத்தார். அந்த இடத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்தல் பள்ளியின் கடன்.