இளைஞரைப் படிக்கும் படிப்பு

இளைஞர் மேம்பாட்டு முதுகலை என்பது, பள்ளியின் கடைசி வகுப்புகளில் இருப்பவர் முதல் முப்பதைத் தொடுபவர் வரையிலான தலைமுறையின் கல்வி, வேலை, உடல்நலம், மனநலம், பொதுவாழ்வு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வாழ்க்கையாகப் பார்க்கக் கற்றுத்தரும் இரண்டாண்டுப் படிப்பு. உளவியல், சமூகவியல், பொருளாதாரம், சமூகப்பணி, பொது நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்ட கலப்புத் துறை இது. அதனால் பெரும்பாலும் எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்தவருக்கும் இடம் உண்டு.

களத்தில் ஆள் தேவைப்பட்டதால் பிறந்த துறை இது. பிரிட்டனில் 1960இல் வெளிவந்த ஆல்பமார்ல் அறிக்கை, இளைஞர் மன்றங்களை நடத்தப் பயிற்சி பெற்ற முழுநேரப் பணியாளர்கள் போதவில்லை என்று சுட்டிக்காட்டியது. அதன் பயனாக லெஸ்டர் நகரில் அந்தப் பயிற்சிக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்காத கிராமத்து இளைஞர்களுக்காக 1972இல் நேரு யுவ கேந்திரங்கள் வந்தன. 1973இல் காமன்வெல்த் நாடுகள் தொடங்கிய இளைஞர் திட்டத்தின் ஆசிய மையம் சண்டிகரில் அமைந்தது. அத்திட்டத்தின் பட்டயப் படிப்பு, இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்குப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தது. திட்டங்கள் முதலில் வந்தன, அவற்றை நடத்தத் தெரிந்தவர்களுக்கான தேடல் பின்னால் வந்தது, பட்டம் கடைசியில் வந்தது. இன்றும் களப்பணியை ஒப்புக்கு வைத்திருக்கும் பாடத்திட்டம் உயிரற்றுப் போவதற்கு இந்த வரலாறே காரணம்.

இத்துறைக்கென இந்தியாவில் நடுவண் அரசு நிறுவிய கல்விக்கூடம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 1993இல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. 2012இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியைப் பெற்றது. இளைஞர் அதிகாரமளித்தல், வாழ்க்கைத்திறன் கல்வி, தொழில்வழி ஆலோசனை, பாலினக் கல்வி, உள்ளாட்சி நிர்வாகம் என்று அங்கே முதுகலைப் பட்டங்கள் பிரிந்து வளர்ந்தன. பின்னாளில் பெயர்களும் பிரிவுகளும் மாறியிருக்கின்றன. ஆகவே விண்ணப்பிப்பவர் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

படிப்பு தொடங்கும்போதே எதிரே வந்து நிற்கும் கேள்வி, இளைஞர் என்பவர் யார் என்பது. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கில் 15 முதல் 24 வயது வரை. ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 15 முதல் 35 வரை. இந்தியாவின் 2003ஆம் ஆண்டு தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 என்று வைத்திருந்ததை 2014ஆம் ஆண்டுக் கொள்கை 15 முதல் 29 என்று சுருக்கியது. கோடு நகரும்போது மனிதர்களும் நகர்கிறார்கள். 32 வயதில் வேலை தேடும் ஒருவர் ஒரு கொள்கையில் இளைஞர், அடுத்ததில் இல்லை. நிதி ஒதுக்கீடு, கடன் தகுதி, வேலையின்மைக் கணக்கு எல்லாமே அந்தக் கோட்டைப் பொறுத்து மாறுகின்றன.

அடுத்து, இளமையைப் பற்றிய கருத்துகளின் வரலாறு. அமெரிக்க உளவியலாளர் ஜி. ஸ்டான்லி ஹால் 1904இல் எழுதிய பெருநூல், பதின்ம வயதைப் புயலும் கொந்தளிப்புமான பருவமாகச் சித்திரித்தது. மார்கரெட் மீட் 1928இல் சமோவா தீவுகளின் பெண்களைப் பற்றி எழுதி, இந்தக் கொந்தளிப்பு எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவானதுதானா என்று கேட்டார். அவருடைய ஆய்வும் பின்னர் கடுமையாக விவாதிக்கப்பட்டது. ஆனாலும் இளைஞர் என்றால் போதை, வன்முறை, பள்ளி இடைநிற்றல் என்று குறைகளையே எண்ணும் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1990களில் வலுப்பெற்ற நேர்மறை இளைஞர் மேம்பாடு என்ற சிந்தனை அதைத் திருப்பிப் போட்டது. தவறு செய்யாமல் இருப்பது மட்டும் வளர்ச்சி ஆகிவிடாது. திறமை, தன்னம்பிக்கை, உறவுப் பிணைப்பு, நற்பண்பு, பரிவு ஆகிய ஐந்தும் வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றனர் ரிச்சர்ட் லெர்னர் உள்ளிட்ட ஆய்வாளர்கள். இந்தப் படிப்பு மாணவருக்குத் தரும் மிகப் பெரிய கொடை இந்தப் பார்வை மாற்றம்தான்.

அதை நடைமுறையில் சோதிக்க உதவுவது ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் விளக்கிய பங்கேற்பு ஏணி. எட்டுப் படிகள், கீழே உள்ள மூன்றும் பங்கேற்பே இல்லை என்கிறார் ஹார்ட். நம் ஊர் விழா ஒன்றை அதில் வைத்துப் பார்க்கலாம். விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை பிடித்து வெயிலில் நிற்கும் மாணவி, அந்தப் பதாகையில் உள்ள வாசகத்தை எழுதியவர் அல்லர். பேரணி எதற்கு என்றுகூட அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏணியில் அவர் நிற்பது அடிப்படிகளில் ஒன்று. கிராம சபையில் 18 வயது நிரம்பிய ஒருவர் எழுந்து, நூலகம் மாலையிலும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டு, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறி, அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று பதிலும் வந்தால், அவர் பல படிகள் ஏறிவிட்டார். நம் கல்லூரிகளில் நடக்கும் நிகழ்ச்சிகள் பலவும் இன்னமும் முதல் வகையிலேயே நின்றுவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

ஆய்வு முறைகளும் புள்ளியியலும் பலர் அஞ்சும் தாள்கள். அஞ்சத் தேவையில்லை, துறையின் சுவையான பகுதி அங்கேதான் இருக்கிறது. பட்டம் வாங்கிவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் பயிற்சி மையம் போய்க்கொண்டிருக்கும் 25 வயதுப் பெண்ணைக் கணக்கெடுப்புப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிப்பவர் என்று எழுதினால் அவர் உழைப்புப் படைக்கு வெளியே போய்விடுவார், வேலையில்லாதோர் எண்ணிக்கையிலும் சேரமாட்டார். வேலை தேடுபவர் என்று எழுதினால் சேர்ந்துவிடுவார். மாலையில் அவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு டியூஷன் எடுக்கிறார் என்றால் கணக்கு இன்னொரு முறை மாறும். அரசு அறிக்கையில் ஒற்றை விழுக்காடாகத் தெரியும் எண்ணுக்குப் பின்னால் இத்தனை முடிவுகள் இருக்கின்றன.

களப்பணிக்கு ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை, சுற்றிலும் மின்னணு ஆலைகள், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பும் இளம்பெண்கள். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர்கள் முதல் வேலையையே இழந்தார்கள். வேலை, குடும்பக் கடன், திருமணப் பேச்சு, உடல் அயர்ச்சி எல்லாம் ஒருவர் வாழ்க்கையில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இப்படிப்பட்ட ஊரில் பேட்டி எடுக்கும் மாணவர் நேரில் அறிகிறார்.

கேட்பதற்கும் நெறி உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைப் பேட்டி காண அவருடைய சம்மதத்தோடு பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். ரகசியம் காப்பதாக வாக்களிக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் சிறார் ஒருவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைப் புகாராகத் தெரிவிப்பது கட்டாயம்.

பட்டத்துக்குப் பின் வேலை எங்கே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால்தான் தொழில்முறை இளைஞர் பணியாளர் என்ற தகுதி கிடைக்கும். அமெரிக்காவில் நான்கு-எச் போன்ற நூற்றாண்டு கடந்த ஊரக இளைஞர் அமைப்புகளில் இப்பட்டம் படித்தவர்களுக்குப் பணி உண்டு. சில மாநிலப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக இணையவழியிலேயே இதை நடத்துகின்றன. இந்தியாவில் இந்தப் பட்டத்துக்கென்றே ஒதுக்கிய உரிமமோ பதவியோ இல்லை. தொண்டு நிறுவனங்கள், 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தால் பெருகிய சமூகப் பொறுப்பு நிதித் திட்டங்கள், திறன் பயிற்சி மையங்கள், பள்ளி கல்லூரிகளில் வழிகாட்டல், ஆய்வு உதவியாளர் பணி என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கெல்லாம் சமூகப்பணி முதுகலை முடித்தவர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும். கல்லூரி ஆசிரியராக எண்ணுபவர், பட்டத்தில் அச்சாகும் பெயர் நெட் தேர்வின் எந்தப் பாடத்தோடு பொருந்துகிறது என்பதைச் சேருமுன்பே விசாரித்துவிட வேண்டும். எந்த நிறுவனமானாலும், களப்பணிக்கு எத்தனை வாரங்கள், யார் மேற்பார்வை, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டறிந்த பிறகு கட்டணம் கட்டலாம்.