செல்போனுக்கு அளவு வைத்த சட்டம், சேற்றில் நிற்பவரை எப்போது பார்க்கும்?

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குச் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் வருகிறவர்களில் செல்போன் இல்லாதவர் குறைவு. அந்தப் போனுக்குள் என்ன விஷம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், ஆறு இணைதிறன் குரோமியம் எடையில் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவுக்குக் கெடுபிடி இன்னும் அதிகம். 2015 மே முதல், ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராம் இருந்தாலே அங்கே விற்க முடியாது. போடுகிறவர் காலுக்கு இத்தனை அக்கறை.

நம் ஊர்களில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று உண்டு. பிறகு குரோமியம் வந்தது. டேனரி டிரம்மில் போடுவது மூன்று இணைதிறன் வகை, அதன் கேடு குறைவு. ஆறு இணைதிறன் வகைதான் கொடியது. தோலில் ஆறாத புண் வரும், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும், நுரையீரல் புற்றுநோய் வரும். இதைத் தயாரித்தது ராணிப்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை. 1990-களின் நடுவில் ஆலையை மூடினார்கள். கழிவு அங்கேயே கிடந்தது, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் இறங்கும்.

சுண்ணாம்புக் குழியில் கைவிட்டதும், சேறு அள்ளியதும், வாய்க்கால் சுத்தம் செய்ததும் யார் என்று இந்தப் பகுதி வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இப்போது வடமாநிலத்தவரும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் டேனரிக் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னபோது நம் மாவட்டத்துக்குப் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது தீர்ப்பு. ஒவ்வொரு டேனரிக்கும் 10 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2001-ல் இழப்பீடு கணக்கிட்டார்கள், சுமார் 26 கோடி ரூபாய். கெட்டுப்போன நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. அதே நிலத்தில் நாற்று நட்டு, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த கூலிக்காரருக்குப் பட்டா இல்லை. அப்படியானால் அவர் கணக்கு எங்கே? நிலுவையை அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குள் 24 வருஷம் ஓடிவிட்டது.

இத்தனைக்கும் விதிகளில் தொழிலாளி இல்லாமல் இல்லை. அபாயகரமான கழிவுகள் விதிகள் 2016-ன்படி, குரோமியம் கலந்த டேனரிச் சேற்றை 90 நாளுக்கு மேல் ஆலைக்குள் வைத்திருக்கக் கூடாது. வேலை செய்பவருக்குப் பயிற்சி, பாதுகாப்புச் சாதனம், தகவல் மூன்றும் கொடுப்பது ஆலையின் கடமை. கையுறை கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஏற்றுமதிச் சோதனைக்குப் போகும் தோலுக்கு ரிப்போர்ட் வருகிறது. அதைத் தொட்ட கைக்கு ரிப்போர்ட் கேட்டால் மேஸ்திரி முறைக்கிறார்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதில் ஒரு வேலை செய்யலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய் போதும். ஊர்ப் பக்கத்து ஆலையின் பெயரைச் சொல்லி, கழிவு அனுமதியின் நகலையும் கடைசி ஆண்டு அறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 2019-ல் மாவட்டம் பிரிந்துவிட்டதால், ராணிப்பேட்டை, வாலாஜா பக்கத்துக்காரர்கள் கலெக்டரிடம் மனுக் கொடுக்கச் சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏற வேண்டாம். ராணிப்பேட்டையிலேயே கொடுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் திருப்பத்தூர்.