உங்களுக்குத் தெரியுமா? கெர்னலில் ஒன்பது ஆண்டு ஒளிந்திருந்த ஓட்டை

குமாரபாளையம் உட்பட தமிழகமெங்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது.

எந்த லினக்ஸுக்கும் மையப் பகுதியான கெர்னலில், 2007 பதிப்பிலிருந்தே ஓர் ஓட்டை இருந்தது. பெயர் ‘டர்ட்டி கவ்’. படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனரும் எழுதி, கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். எவ்வளவு பெரிய ஆபத்து! இதன் மூலக் கோளாறு அதற்கும் முந்தையது; அதைச் சரிசெய்ய லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-லேயே முயன்றார். ஒருவகைக் கணினிகளில் சிக்கல் எழுந்ததால் அத்திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. 2016 அக்டோபரில்தான் ஓட்டை அடைபட்டது.

ஆண்ட்ராய்டு கைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். பாதுகாப்பு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே போட்டுவிடுங்கள்.