அடுப்படிப் புகையும் நமது பொறுப்பும்

எரிவாயு அடுப்பு பெரும்பாலான இல்லங்களுக்கு வந்துவிட்ட இந்நாளிலும் விறகடுப்பு நம்மை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. சிலிண்டர் செலவுக்கு அஞ்சும் குடும்பங்களில் வெந்நீருக்கும் சோறு வடிப்பதற்கும் விறகே எரிகின்றது. ஸஹர் வேளையில், கதவடைத்த அடுப்படியில், ஊதுகுழலும் கையுமாகக் கண்களைக் கசக்கியபடி அமர்ந்திருந்த என் உம்மாவின் தோற்றம் இன்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. முதுமையில் அவர்களை வாட்டிய இருமலுக்குப் பனியையே காரணமாகச் சொன்னோம்; புகையை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

வீட்டுச் சமையல் புகையால் ஆண்டுக்கு 32 இலட்சம் பேர் இறப்பதாக 2020ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்!

புகைபோக்கியுடன் கூடிய அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதன்று. 1953ஆம் ஆண்டிலேயே ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு அத்தகைய அடுப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். 1980களில் மைய அரசு புகையில்லா அடுப்புகளை ஊர்தோறும் பரப்ப முற்பட்டது. 2002இல் அத்திட்டம் முடிவுற்றது. அமைத்த அடுப்புகளுள் பல, பராமரிப்பின்றிப் பாழாயின. எனவே அமைப்பது பாதி, பேணுவது மீதி.

அமைக்கும்போது

குழாய் சுட்ட மண்ணாலோ இரும்பாலோ ஆனதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குப் பகை. வளைவுகளில் கரி தங்குமாதலால் குழாய் நேராக மேலேறுவதே சிறப்பு. கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்ந்து, மழை நுழையாதபடி மூடியும் பெற்றிருக்க வேண்டும். அதன் வாய் அண்டை வீட்டாரின் சன்னலை நோக்கியிருத்தல் ஆகாது. இரும்புக் குழாய்க்கும் மரச் சட்டத்துக்கும் இடையே ஒன்றரை அடி இடைவெளி தேவை. கீற்றுக் கூரையை ஊடுருவிக் குழாய் வைப்பது பேராபத்து. சுவரின் வழியே வெளியே கொண்டு செல்லுங்கள்.

பேணும்போது

ஈர விறகு மிகுந்த புகையைக் கக்கும். அப்புகை குழாயின் உட்புறம் குளிர்ந்து தாராகப் படியும். ஒருநாள் அதுவே தீப்பற்றும். ஆகவே நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள். நாள்தோறும் எரியும் அடுப்பாயின் இரு வாரங்களுக்கு ஒருமுறை, அடுப்பு ஆறியபின், நீண்ட கோலில் துணி சுற்றிக் கரியை அகற்றுங்கள். குழாய்க்குள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் குழாய் வெடிக்கக்கூடும். அடுப்பின் வாயை மூடிவிட்டு, அனைவரும் வெளியேறி, 101க்குத் தகவல் கொடுங்கள்.

குளிருக்காகக் கணப்புச் சட்டியை அறையில் வைத்துக் கதவடைத்து உறங்குவதை அறவே தவிருங்கள். கனலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீக்கிரையான செய்தி எட்டியபோது, நெருப்பு உங்கள் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டுமென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இதனை புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காணலாம். அடுப்பை அணைப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்கிவிடாமல், சகோதரர்களே, இந்த வாரமே உங்கள் வீட்டு அடுப்படிக்குள் ஒருமுறை சென்று அமர்ந்து பாருங்கள். கண் எரிகின்றதா? அப்படியானால் வேலை உங்களுக்குத்தான் காத்திருக்கின்றது.