ஒளி திறக்கும் பூட்டு

சேலத்திலிருந்து ஏற்காட்டை நோக்கினால், பசுமையான சேர்வராயன் மலை நீலமாகத் தோன்றும். இடையிலுள்ள காற்று, அலைநீளம் குறைந்த நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதே அதற்குக் காரணம். அலைநீளம் மிகுந்த சிவப்பொளி அவ்வளவாகச் சிதறுவதில்லை. இருட்டில் கைவிளக்கை விரல்களால் மூடினால், விரல்கள் சிவந்து ஒளிர்வதைக் காணலாம். உடலினுள் மற்ற நிறங்கள் சிதறியும் குருதியால் உட்கவரப்பட்டும் குறைந்துவிட, சிவப்பும் அதனினும் அலைநீளம் மிகுந்த அண்மை அகச்சிவப்பும் ஆழமாக ஊடுருவுகின்றன. இவ்வியல்பு புற்றுநோய் ஆய்வுக்குத் துணைபுரிகிறது.

புற்றுநோய் மருந்துகள் பல, நோயுற்ற செல்லோடு நலமான செல்லையும் தாக்குகின்றன. சிகிச்சையின்போது முடி உதிர்வது இதனால்தான். மரபணு மருத்துவத்திலும் இவ்விடர் உண்டு. எனவே, மருந்து எங்குச் சென்றாலும் நோயுள்ள இடத்தில் மட்டுமே செயற்பட வேண்டும். இதற்காக மரபணு மூலக்கூற்றுக்கு ஒரு வேதிப் பூட்டு இடுவர். அதனைத் திறக்கும் சாவி ஒளியாகும். ஆனால், அத்தகைய பூட்டுகள் பெரும்பாலும் புறஊதாக் கதிருக்கே திறக்கும். அக்கதிரோ உடலுள் ஆழமாகச் செல்லாது. செல்களுக்கும் தீங்கு செய்யும். ஆழமாகச் செல்லும் அகச்சிவப்புக்கோ பூட்டைத் திறக்கும் ஆற்றல் இல்லை.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முத்துக்குமார ஞானசம்மந்தன் ஜெயக்குமார், நியாகரா முகம்மது இத்ரிஸ், யோங் ஜாங் ஆகியோர் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இச்சிக்கலுக்கு நானோ துகள்களின்வழி விடை கண்டது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்காகும். இவ்வகைத் துகளில் உள்ள இட்டெர்பியம் என்னும் தனிமம், 980 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பொளியை உட்கவர்ந்து தூலியம் என்னும் தனிமத்திற்கு அளிக்கிறது. தூலியம் அச்சிற்றாற்றல்களைச் சிறுகச் சிறுகத் திரட்டிப் புறஊதாக் கதிராக வெளியிடுகிறது. துகள் இருக்கும் இடத்திலேயே அக்கதிர் பிறப்பதால், பூட்டு அங்கேயே திறக்கிறது.

பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவைக் கொண்டு இம்முறை சோதிக்கப்பட்டது. ஒளியின் துணையால் அம்மரபணுவைச் செயற்படுத்தவும் முடிந்தது, அடக்கவும் முடிந்தது. உயிருள்ள விலங்கின் உடலிலும் பூட்டு திறந்தது.

எனினும், இது நோயாளிகளுக்கு வழங்கப்படும் சிகிச்சையாக இன்னும் வளரவில்லை. 980 நானோமீட்டர் ஒளியை நீரும் ஓரளவு உட்கவர்வதால் திசுக்கள் சூடாகலாம். பணி முடித்த துகள்கள் தீங்கின்றி உடலைவிட்டு நீங்கவும் வேண்டும். பகைச்செல்லை அழிப்பதைப் போலவே நல்ல செல்லைக் காப்பதும் மருந்தின் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்றாகவே அறிவியல் ஒளியை நாடுகிறது.