தீர்வை தேய்ந்தது, பட்டா வளர்ந்தது

மே, ஜூன் மாதங்களில் தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகங்களின் முன்னே ஷாமியானா பந்தல் எழும்பும். ஜமாபந்தி நடக்கிறது என்று அர்த்தம். கிராமம் கிராமமாகக் கணக்குப் புத்தகங்கள் மேசைக்கு வரும். கலெக்டரோ, ஆர்.டி.ஓ.வோ கையெழுத்துப் போடுவார், நில அளவைக் கருவிகளைப் பார்வையிடுவார். பந்தலில் காத்திருக்கும் கூட்டத்துக்கு அந்தப் புத்தகங்களில் அக்கறை கிடையாது. அவர்கள் கையில் மனு இருக்கிறது. பட்டா மாறுதல், கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனிப்பட்டா, வீட்டுமனைப் பட்டா, இடையில் ஒரு முதியோர் உதவித்தொகை. கடைசி நாளுக்குக் குடிகள் மாநாடு என்றே பெயர்.

1820 ஜூனில் தாமஸ் மன்றோ சென்னை மாகாண கவர்னராகப் பொறுப்பேற்றபோது வருவாய்த் துறையின் ஆண்டுக்கணக்கில் பசலி 1229 நடந்துகொண்டிருந்தது. 2025 ஜூன் 30இல் முடிந்தது பசலி 1434. ஆண்டுக்கணக்குகூட மாறாத ஒரு துறையில் மனிதர்கள் நிற்கும் திசை மட்டும் தலைகீழாகிவிட்டது. அன்றைய ஜமாபந்தியில் சர்க்கார் குடியானவனைத் தேடிப் பிடித்துப் பெயர் எழுதியது. தன் பெயர் எழுதப்படாமலிருந்தால் நல்லது என்று நினைக்க அவனுக்குக் காரணங்கள் இருந்தன. இன்று பெயரை எழுதச் சொல்லிக் குடியானவன் வரிசையில் நிற்கிறான்.

மன்றோ கிளாஸ்கோக்காரர். 1780இல் கம்பெனிப் படையில் கேடட்டாகச் சென்னை வந்து இறங்கியபோது வயது பதினெட்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம். அதை நிர்வகிக்கச் சிவில் அதிகாரிகளை அனுப்பாமல் அலெக்சாண்டர் ரீடு என்ற காப்டனையும் அவருக்கு உதவியாகச் சில பட்டாள ஆட்களையும் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அனுப்பினார். சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு ஊர்ப் பாஷை தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். அந்த உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. தருமபுரியில் தோட்டம் போட்டுக்கொண்டு வாழ்ந்த ஏழு வருஷத்தில்தான், இடைத்தரகன் யாருமின்றி ஒவ்வொரு உழவனோடும் நேராகக் கணக்கு முடிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குள் கெட்டிப்பட்டது. ரயத்துவாரி என்று பின்னால் பாடப்புத்தகத்தில் ஏறியது இதுதான்.

அது ஒரேயடியாக ஜெயித்துவிடவில்லை. கார்ன்வாலிஸ் வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களோடு நிலையான ஒப்பந்தம் செய்திருந்தார். அதே அச்சில் சென்னையையும் வார்க்க வேண்டும் என்று 1802இல் சட்டம் வந்தது. ஜமீன் இல்லாத இடங்களில் ஜமீனை உண்டாக்கினார்கள். சேலம், செங்கல்பட்டுப் பகுதிகளில் ஊர்களை மிட்டா மிட்டாவாகக் கட்டி ஏலம் விட்டார்கள். எடுத்த மிட்டாதார்களில் பலர் சில வருஷங்களிலேயே பேஷ்குஷ், அதாவது சர்க்காருக்கான தொகை, கட்ட முடியாமல் கவிழ்ந்தார்கள். 1807இல் ஊருக்குப் போன மன்றோ இங்கிலாந்து பார்லிமெண்டில் சாட்சி சொல்லித் தன் கட்சியை நிலைநாட்டிவிட்டு, 1814இல் திரும்பி வந்தார். கவர்னர் நாற்காலியில் அமர்ந்தபோது ரயத்துவாரி மாகாணத்தின் பொதுவிதி ஆகியிருந்தது.

காகிதத்தில் அது அழகான ஏற்பாடு. கடப்பை, பெல்லாரி, அனந்தபூர், கர்நூல் ஆகிய பகுதிகளில் மன்றோவின் ஆட்கள் 33 அடிச் சங்கிலியைப் போட்டு வயல் வயலாக அளந்தார்கள். சங்கிலிக்குச் சங்கிலி சதுரம் நாற்பது சேர்ந்தால் ஒரு ஏக்கர். நஞ்சை, புஞ்சை, தோட்டம் என்று தரம் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தீர்வை. ஜமாபந்தியில் அந்த வருஷம் எந்தெந்த வயலை யார் வைத்திருக்கிறார், எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுக்கும் சீட்டு பட்டா. புதுத் தரிசை எடுக்க விரும்பினால் தர்க்காஸ்து கொடுக்கலாம். வேண்டாத வயலை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம். நிலத்தை ராஜினாமா செய்வது இன்றைய காதுக்கு விசித்திரமாகப் படும். மனையில் ஒரு சென்ட் குறைந்தால் கோர்ட்டுக்குப் போகிற நமக்கு, ஏக்கர் ஏக்கராக விட்டுவிட்டு ஓடியவர்களின் காலம் பிடிபடாது.

விடுவதும் அத்தனை சுலபமில்லை என்பதுதான் நடைமுறை. வசூல் குறைந்தால் கலெக்டருக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும், தாசில்தாருக்குக் கலெக்டரிடம். ஆகவே வேண்டாத வயலும் தலையில் கட்டப்பட்டது. தீர்வை விளைச்சலில் பாதியை நெருங்கியது. அதைத் தானியமாக இல்லாமல் ரொக்கமாக, அறுத்து விற்பதற்கு முன்பே தவணை தவணையாகக் கட்ட வேண்டும். கிஸ்து நாள் வந்தால் கடன் கொடுப்பவர் வாசலுக்கும் நாள் வரும். இது அதிகம் என்று மன்றோவுக்கே தெரியும். நாலில் ஒரு பங்கைக் குறைக்கச் சொல்லி 1807இலேயே எழுதினார், மேலிடம் அசையவில்லை. பதின்மூன்று வருஷம் கழித்துத் தானே கவர்னராக வந்த பிறகுதான் குறைக்க முடிந்தது. நல்ல எண்ணத்துக்கு அதிகாரம் கிடைக்க அத்தனை காலம் பிடித்தது, இடைப்பட்ட வருஷங்களின் தீர்வை உழவன் கணக்கில்.

மன்றோ 1827 ஜூலையில், கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். பிரிவுபசாரச் சுற்றுப்பயணத்தில் இருந்த கவர்னர் அவர். அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே அவர் குதிரைமேல் வெண்கலமாக நிற்பது எல்லாருக்கும் தெரியும், அங்கவடி இல்லாததைச் சுட்டிக்காட்டிக் கதை சொல்லாத சென்னைவாசி அபூர்வம். அங்கவடியைப் பற்றிப் பேசிய நேரத்தில் பாதியை அவருக்குப் பின்வந்த கிஸ்து வசூலைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

அவர் போன சில காலத்தில் தானிய விலை சரிந்து, பல வருஷம் சரிந்தே கிடந்தது. தீர்வையோ ரொக்கத்தில் நின்றது. அதே தொகையைக் கட்ட முன்னைவிட அதிக மூட்டை விற்க வேண்டியிருந்தது. கட்டாதவனை என்ன செய்தார்கள் என்பது 1855இல் அச்சில் வந்தது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை அது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் நடத்திய சென்னைவாசிகள் சங்கமும் கிளப்பிய குரல் லண்டன்வரை போய்த்தான் அந்த விசாரணை அமைந்தது. கிட்டி கட்டுவது, அதாவது விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது. அண்ணாந்தாள் பூட்டுவது, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்துக் குனியவைத்து வெயிலில் நிறுத்துவது. வரி பாக்கிக்காக இவை நடந்தன என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. கூடவே, செய்தவர்கள் சுதேசிக் கீழ்ச்சிப்பந்திகள், துரைமார்கள் அல்ல என்றும் எழுதிக்கொண்டது. கயிற்றைப் பிடித்தவன் தலையாரிதான், ஒப்புக்கொள்வோம். எவ்வளவு வர வேண்டும் என்ற எண் கோட்டையிலிருந்து வந்தது.

அதன் பிறகு முறையான சர்வே, முப்பது வருஷத்துக்கொரு செட்டில்மெண்ட், கொஞ்சம் குறைந்த விகிதம் என்று கெடுபிடி தளர்ந்தது. விலைகளும் ஏறின. சுதந்திரம் வந்ததும் மன்றோவின் ஏற்பாட்டைத் தூக்கி எறிந்தார்கள் என்று யாராவது நினைத்தால் தப்பு. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன் கிராமங்களை எடுத்து அங்கும் ரயத்துவாரிப் பட்டாவைக் கொடுத்தது. 1802இல் தோற்றவர் 1948இல் முழு மாகாணத்தையும் வென்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

மாறியது ஊர்க்கணக்கு எழுதிய கை. பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் மன்றோவுக்குப் பிடித்தமானவர்கள். ஊரின் பழைய அமைப்பைக் கலைக்கக் கூடாது என்ற கட்சி அவருடையது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் அத்தனை பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளையும் ஒழித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போய் 1982இல் அரசின் பக்கம் தீர்ந்தது. தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., வந்தார். எந்தச் சாதிக்காரரும் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்றானது, தமிழ்நாட்டு நில நிர்வாகத்தில் இருநூறு ஆண்டில் நடந்த ஆகப்பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது. அதே காலத்தில் யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அப்போது விழுந்த பெயர்ப் பிழையையும் விஸ்தீரணப் பிழையையும் திருத்தச் சொல்லி இன்னும் மனு வருகிறது.

இன்று இணையத்தில் ஒரு சிட்டாவை எடுத்துப் பாருங்கள். சர்வே எண், உட்பிரிவு, ஹெக்டேர்–ஏர் கணக்கில் பரப்பு. பக்கத்திலேயே தீர்வை, ரூபாயும் பைசாவுமாக. ஏக்கருக்குச் சில ரூபாய்தான். ஒரு காலத்தில் அந்தப் பத்தியை நிரப்பத்தான் மற்ற பத்திகள் எல்லாம் இருந்தன. இப்போது அதை யாரும் படிப்பதுகூட இல்லை. கிஸ்து ரசீதைப் பத்திரப்படுத்துகிறவர்கள் அனுபோகத்துக்கு ஆதாரமாகட்டும் என்றுதான் வைக்கிறார்கள்.

தீர்வை தேயத் தேயப் பட்டாவின் மேல் மற்றவை வந்து ஏறின. பயிர்க்கடனுக்குச் சிட்டா, எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கல். பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட அதே தாள்கள். மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் வருஷம் 6,000 ரூபாய்க்கும் நிலப்பதிவில் பெயர் வேண்டும். ஒரு காலத்தில் இந்தத் தாள் வழியாகப் பணம் வயலிலிருந்து கோட்டைக்குப் போனது. இப்போது கொஞ்சமேனும் எதிர்ப்பக்கம் வருகிறது. பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது, அது வருவாய்ப் பதிவுதான் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஊரில் அதை யாரும் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

பெயர் எழுதப்படாதவன் கதை அன்றே தொடங்கியது. மன்றோவின் பட்டா வயலை வைத்திருந்தவனுக்கு. அந்த வயலில் சேற்றில் இறங்கிய பறையரும் பள்ளரும் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் அவர்கள் நிலையை எழுதி அனுப்பிய பிறகு, 1892இல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவானது. பஞ்சமி நிலம் என்கிறோமே அது. பத்து வருஷம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் பட்டியல் வகுப்பார் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் கைமாறியது. மீட்கக் கேட்டவர்களின் போராட்டத்தில் 1994இல் காரணையில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தனர். பல ஊர்களில் அந்த நிலத்தின் மேல் இப்போது வேறு பெயரில் பட்டா இருக்கிறது.

காவிரிப் படுகையில் வேறு விதமாகப் பெயர் விடுபடுகிறது. குத்தகைக்கு உழுபவர் விதைத்து, உரம் போட்டு, அறுத்து மூட்டை கட்டுகிறார். கொள்முதல் நிலையத்தில் அடங்கல் கேட்கிறார்கள். பட்டா நிலத்துக்காரர் பெயரில், அவர் இருப்பதோ சென்னையில். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்துவிட்டது. பதியச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் போனால் சேதி நிலத்துக்காரர் காதுக்குப் போகும், அடுத்த போகத்துக்கு வயல் வேறொருவர் கையில் இருக்கும். எனவே பலர் போவதில்லை. வந்த விலைக்கு வியாபாரியிடம் போட்டுவிட்டுக் குத்தகை நெல்லை அளக்கிறார்கள்.