வெளிநாட்டு கார் உங்க பேரில் வரும். வழக்கும் உங்க பேரில்தான் வரும்!

அய்யலூர்:

திருச்சி–திண்டுக்கல் நாற்கர சாலையில் அய்யலூர் பக்கம் வந்தால் டிரைவர்களின் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போலீசுக்குப் பயந்து அல்ல. வண்டி கருப்பணசாமிக்கு!

புது லாரியோ, பழைய டெம்போவோ, நேற்று ஷோரூமிலிருந்து எடுத்த காரோ, சாமி முன்னால் நிறுத்தி ஒரு தேங்காய், ஒரு சூடம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்புறம்தான் கியர். வெளிநாட்டில் சம்பாதிக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை உண்டு. 'அங்கே ஓட்டின காரை இங்கே கொண்டாந்து கருப்பணசாமி முன்னால நிறுத்தணும்!'

அந்த ஆசையை முதலாக வைத்து ஒரு கூட்டம் தொழில் செய்கிறது. என் குடும்பத்துக்கே அது வந்துவிட்டது.

டீக்கடை பேரம்

என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில் 9 வருஷம் கட்டிட வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். ஒரு வியாழக்கிழமை, ஆட்டுச் சந்தை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரிடம், முன்பின் தெரியாத ஒருவர் பேச்சு கொடுத்திருக்கிறார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு செல்போன்.

"அண்ணே, சிங்கப்பூர்ல எத்தனை வருஷம்?"

"ஒம்பது."

"அப்ப உங்க பேர்ல ஒரு கார் கொண்டாரலாம்ணே. நீங்க சல்லிக்காசு போட வேணாம். பாஸ்போர்ட்டைக் குடுங்க, நாலு இடத்துல கையெழுத்துப் போடுங்க. கார் வந்து இறங்குன அன்னிக்கு ரூ.50 ஆயிரம் உங்க கையில."

அண்ணனுக்குக் கொஞ்சம் கடன் இருக்கிறது. ரூ.50 ஆயிரம் சும்மா இல்லை. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் போன் போட்டார்.

"டேய் தம்பி, நீ பேப்பர்ல வேலை பாக்குறவன். இதுல வில்லங்கம் ஏதும் இருக்காடா?"

இருக்கிறது. ஒன்றல்ல, ஒன்பது! இதோ விவரம்:

எதற்கு உங்க பாஸ்போர்ட்?

வெளிநாட்டில் ஓட்டிய காரை இந்தியாவுக்குக் கொண்டு வர சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது ஊசி முனை அளவு வழி.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர், தொடர்ந்து 2 வருஷமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்த கார் அங்கே 1 வருஷமாவது அவர் வசம் இருந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கார்தான். பழைய கார் என்றால் தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இன்னும் 5 வருஷம் ரோட்டில் ஓடும் தகுதி வேண்டும். அதற்கு ஏற்றும் நாட்டிலேயே சோதனைச் சான்று வாங்க வேண்டும். இங்கே இறங்கிய பிறகு மறுபடி சோதனை.

துறைமுகம்? தூத்துக்குடி இல்லை. சென்னையும் இல்லை. பழைய காரை இறக்க விதியில் சொல்லியிருப்பது மும்பை துறைமுகம் ஒன்றுதான். அங்கிருந்து அய்யலூருக்கு ஆயிரத்து முன்னூறு கிலோ மீட்டருக்கு மேல்!

பணக்காரன் ஒருத்தனுக்கு வெளிநாட்டு சொகுசு கார் வேண்டும். அவன் வெளிநாட்டில் வசித்ததே இல்லை. அப்போது என்ன செய்வது? வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருத்தரின் பாஸ்போர்ட் தேவைப்படுகிறது. அங்கேதான் என் அண்ணன் மாதிரி ஆட்கள் மாட்டுகிறார்கள். காகிதத்தில் கார் கூலித் தொழிலாளியுடையது. ரோட்டில் ஓட்டுவது கோடீசுவரன்!

ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

துபாய், சவுதி, குவைத், கத்தாரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம். இந்திய விதிப்படி ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். முன்விளக்கின் வெளிச்சமும் இடது பக்கம் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஸ்பீடா மீட்டர் கிலோ மீட்டரில் காட்ட வேண்டும்.

ஆக, வளைகுடாவில் நீங்கள் ஓட்டிய கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கப்பல் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை. "ஆளு இருக்கு, இறக்கிடலாம்" என்று எவனாவது சொன்னால், அவன் உங்கள் பணத்தை இறக்கப் போகிறான் என்று அர்த்தம்.

சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியாவில் ஸ்டியரிங் வலது பக்கம். அதனால்தான் புரோக்கருக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் சர்க்கரைக் கட்டி.

சுமைகூலி முக்கால் பணம்

சரி, நேர்மையாகவே கொண்டு வருவோம் என்றால்? கணக்கைப் பாருங்கள்.

பழைய காருக்கு சுங்க வரி, செஸ் எல்லாம் சேர்த்து 137½ சதவீதம். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து உங்கள் காருக்கு ரூ.10 லட்சம் என்று சுங்க இலாகா மதிப்புப் போட்டால், சுங்க வரி மட்டும் ரூ.13 லட்சத்து 75 ஆயிரம். இரண்டும் சேர்ந்த ரூ.23 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. பெரிய காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அது ரூ.9 லட்சத்து 50 ஆயிரம்.

பத்து லட்ச ரூபாய் கார், துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது ரூ.33 லட்சத்து 25 ஆயிரம்! தமிழ்நாட்டில் ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அது தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்?

"பழைய கார்தானே சார், நான் அடிமாட்டு விலைக்குத்தான் வாங்கினேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த மாடல் புதிதாக என்ன விலை என்று பார்த்து, அதிலிருந்துதான் தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருஷத்துக்கு 16 சதவீதம், இரண்டாம் வருஷத்துக்கு 12 சதவீதம் என்று அதற்கும் கணக்கு உண்டு. ஊர் திரும்புகிறவர்கள் வீட்டுச் சாமான் கொண்டு வர வரிச் சலுகை இருக்கிறதே என்றால், அந்தச் சலுகை காருக்கு இல்லை.

சச்சின் டெண்டுல்கரே தப்பவில்லை. பிராட்மேனின் 29 டெஸ்ட் சதங்களை 2002-ல் அவர் எட்டியதற்குப் பரிசாக பெராரி கார் கிடைத்தது. சுமார் ரூ.1 கோடியே 13 லட்சம் வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்ததும் நாடே கேள்வி கேட்டது. கடைசியில் கார் கொடுத்த பியட் கம்பெனி வரியைக் கட்டியது.

லெக்சஸ் கார் வழக்கு

வரியைக் குறைக்கக் குறுக்கு வழியில் போனவர்களின் கதை என்ன ஆயிற்று?

1994-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு லெக்சஸ் கார் சென்னைக்கு வந்தது. 1993-ல் வாங்கி ஓட்டிய பழைய கார் என்று காகிதம். சி.பி.ஐ. தோண்டியபோது, அது புத்தம் புதிய 1994 மாடல் என்றும், ரூ.1 கோடியே 6 லட்சம் வரி ஏய்ப்பு என்றும் வழக்குப் போட்டது. சசிகலாவின் கணவர் ம.நடராஜன் உள்பட 4 பேருக்கு 2010-ல் சென்னை சி.பி.ஐ. கோர்ட்டு தலா 2 ஆண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் ஐகோர்ட்டும் அதை உறுதி செய்தது. அப்பீலில் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்திருந்த நிலையில் 2018 மார்ச்சில் நடராஜன் காலமானார். கார் வந்த நாளிலிருந்து 24 வருஷம். வழக்கு முடியவில்லை, ஆயுள் முடிந்துவிட்டது.

ஒரு விஷயம். அந்த 4 பேரில் ஒருவர் வங்கி மேனேஜர்! கார் ஓட்டியவர் மட்டுமல்ல, காகிதத்தில் கை வைத்தவரும் கூண்டில் ஏற வேண்டி வந்தது.

2013 மார்ச் 21-ந்தேதி நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வெளிநாட்டு சொகுசு கார்களில் வரி ஏய்ப்பு என்ற வழக்கில் சென்னையில் பல இடங்களில் சி.பி.ஐ. சோதனை. மத்திய கூட்டணியிலிருந்து தி.மு.க. விலகிய இரண்டே நாளில் மு.க.ஸ்டாலின் வீட்டுக்கும் சி.பி.ஐ. போனதால் டெல்லி வரை பரபரப்பு. பிரதமர் மன்மோகன்சிங்கே வருத்தம் தெரிவித்தார். அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் திரும்புவோர் சலுகையைக் காட்டி கார்களை இறக்கி, உள்ளூரில் விற்கிறார்கள் என்பதுதான் இறக்குமதி ஆள் மீதான புகார்.

2025 செப்டம்பர் 23-ந்தேதி கேரளாவில் சுங்க இலாகா 'நும்கோர்' என்ற பெயரில் வேட்டை நடத்தியது. பூடான் மொழியில் வண்டி என்று பொருள். பூடானில் கழித்த கார்கள் போலிப் பத்திரங்களுடன் இங்கே வந்து பதிவாகின என்று புகார். நடிகர்கள் பிருத்விராஜ், துல்கர் சல்மான் வீடுகளிலும் சோதனை. 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதல். அதில் பணம் கொடுத்து வாங்கியவர்களும் இப்போது பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது.

வரி கட்டியும் வம்பு

முறைப்படி சுங்க வரி கட்டியவர்களுக்கும் தலைவலி உண்டு. நடிகர் விஜய் 2012-ல் இங்கிலாந்திலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் இறக்கினார். சுங்க வரி கட்டியாயிற்று. ஆனால் மாநில அரசுக்கு நுழைவு வரி கட்டினால்தான் பதிவு என்றார்கள். வழக்கு 9 வருஷம் கிடந்தது. 2021 ஜூலையில் தனி நீதிபதி மனுவைத் தள்ளி, ரூ.1 லட்சம் அபராதமும் போட்டு, கடுமையாகக் கண்டித்தார். அப்பீலில் அபராதத்துக்குத் தடை கிடைத்தது. கண்டன வரிகள் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. வரியை மட்டும் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. இப்போது நுழைவு வரி இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் போய்விட்டது.

வக்கீல் வைக்க வசதி உள்ளவருக்கே 9 வருஷம் என்றால், சித்தாள் வேலை பார்த்தவருக்கு?

"கார் ஓட்டினியா?"

மறுநாள் காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, சிங்கப்பூர்ல நீ வேலைக்கு எதுல போவ?"

"கம்பெனி லாரில. பின்னாடி உக்காந்துதான்டா போவோம்."

"அங்க ஒரு கார் வச்சுக்க உரிமச் சீட்டு வாங்கணும். அதுக்கே ஒரு லட்சம் டாலருக்கு மேல போனதுண்டு. நீ ஒரு வருஷம் சொந்தக் கார் வச்சிருந்தேன்னு கையெழுத்துப் போட்டா, சுங்க அதிகாரி முதல்ல என்ன கேப்பான்?"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. அண்ணியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டாத்தான!"

சுங்கச் சட்டம் 1962-ல் காரைப் பறிமுதல் செய்யலாம்; அபராதம் போடலாம். ஏய்த்த வரி ரூ.50 லட்சத்தைத் தாண்டினால் 7 ஆண்டு வரை ஜெயில். ஒரு சொகுசு காருக்கே அந்த வரி தாண்டிவிடும். மாட்டும்போது புரோக்கரின் இரண்டு செல்போனும் அணைந்திருக்கும். பத்திரத்தில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் கையெழுத்து, உங்கள் அய்யலூர் முகவரி. சம்மன் இங்கேதான் வரும்.

அடுத்த வியாழக்கிழமை சந்தையில் அண்ணனும் நானும் அந்த ஆளைப் பிடித்தோம். "பத்திரம் மெட்ராஸ் போயிருச்சு" என்றார் முதலில். "அப்ப வடமதுரை ஸ்டேஷன்ல உக்காந்து பேசுவோமா?" என்றேன். வேட்டி மடிப்பிலிருந்தே பாஸ்போர்ட் வெளியே வந்தது! அதற்குள் வேறு இரண்டு பாஸ்போர்ட் இருந்ததை நான் பார்த்தேன். யாருடையது என்று கேட்பதற்குள் ஆள் மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார்.

அந்த இரண்டு பேர் இதைப் படித்தால் இன்றைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் போலீசில் எழுதிக் கொடுங்கள். எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டில் ஓட்டிய காரை அங்கேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் இங்கே ஒரு கார் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அண்ணன் இப்போது பழைய மினி டெம்போ ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். சந்தைக்கு ஆடு ஏற்றப் போகிறாராம். வரும் வெள்ளிக்கிழமை வண்டி கருப்பணசாமி கோவிலில் பூஜை. ஆர்.சி. புத்தகம் அண்ணன் பெயரில். வண்டியும் அண்ணன் கையில்!